எலிஃபன்ட் பியூட் கரையில் கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரியோ கிராண்டே ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட எலிஃபன்ட் பியூட் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி ஒரு மாநிலப் பூங்கா இருக்கிறது. ஆல்புகர்க்கியில் குடியேறிய நாள் முதல், பருவத்துக்கு ஒரு முறையேனும் குடும்பத்தோடு அங்கே போய்க் கூடாரம் அடித்துத் தங்கி வருவது எங்கள் வழக்கமாகிவிட்டது. அங்கே போக நினைக்கும் நண்பர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்த இடத்திலிருந்து பார்த்தால் ஏரி அழகாகத் தெரியும் என்பதைத்தான். ஏரி எங்கிருந்து பார்த்தாலும் அழகுதான். கிளம்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு இரண்டு: அணையில் அப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அந்த வாரம் காற்று எப்படி அடிக்கப்போகிறது. இவ்விரண்டையும் பார்க்காமல் போகிறவர்களுக்குப் படகுத்துறையும் கிடைப்பதில்லை, இரவுத் தூக்கமும் கிடைப்பதில்லை.

இது பொழுதுபோக்குக்காக வெட்டிய ஏரி அன்று, பாசனத்துக்காகக் கட்டிய அணை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 1906ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அமெரிக்கா ஆண்டுதோறும் 60,000 ஏக்கர்-அடி நீரை மெக்சிகோவுக்குத் தர வேண்டும் (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரம் நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர்-அடி). அதோடு தெற்கு நியூ மெக்சிகோவிலும் மேற்கு டெக்சாஸிலும் உள்ள வயல்களுக்கும் தண்ணீர் விட வேண்டும். இதற்காகவே 1911இல் தொடங்கி 1916இல் இந்தக் கான்கிரீட் அணையைக் கட்டி முடித்தார்கள். அணையின் உயரம் 301 அடி. இன்றும் இதன் தண்ணீரில்தான் ஹாட்ச் பள்ளத்தாக்கின் மிளகாயும் மெசில்லா பள்ளத்தாக்கின் பீக்கான் கொட்டைத் தோப்புகளும் வளர்கின்றன. கூடாரக்காரர்களும் படகுக்காரர்களும் இங்கே விருந்தாளிகள்தாம். உரிமைக்காரர்கள் கீழே இருக்கும் விவசாயிகள்.

இதை எங்களுக்கு முன்பே புரிந்துகொண்டவர், பவானிப் பக்கத்தில் விவசாயம் பார்த்த என் மாமனார். கோடையில் எங்களோடு வந்திருந்தவர், கரையில் நின்று எதிரே தெரிந்த குன்றின் இடுப்பில் ஓடிய வெள்ளைப் பட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒரு காலத்தில் நின்ற உயரம் வரைக்கும் பாறையில் படிந்துவிட்ட உப்புக்கறை அது. “மாப்பிள்ளை, அந்தக் கோடு வரைக்கும் தண்ணி நின்னிருக்குதுங்க. இப்ப இருக்கறது அடித்தண்ணி” என்றார். முழுக் கொள்ளளவு எத்தனை டி.எம்.சி. என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. கட்டியபோது 26 லட்சம் ஏக்கர்-அடிக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டிருந்தார்கள். நம் அளவில் அது சுமார் 115 டி.எம்.சி. ஆகிறது. மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யைவிட அது கூடுதல் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. நூறாண்டு வண்டல் படிந்து அந்தக் கொள்ளளவு இப்போது 20 லட்சம் ஏக்கர்-அடியளவுக்குச் சுருங்கிவிட்டது.

மேட்டூர் பல ஆண்டுகளில் நிரம்புகிறது. இந்த அணை நிரம்பி ஒரு தலைமுறை ஆகப்போகிறது. 1980களின் நடுவிலும் 1990களிலும் ஏறக்குறைய நிறைந்து நின்ற நீர், 2000க்குப் பிறகு வந்த தொடர் வறட்சியில் இறங்கிக்கொண்டே போயிற்று. 2013 ஜூலையில் கொள்ளளவில் 3 சதவீதம், அதாவது மூன்று டி.எம்.சி.க்கும் குறைவான நீரே எஞ்சியிருந்தது. இந்த ஆற்று நீர்ப் பங்கீடு தொடர்பாக டெக்சாஸ் மாநிலம் நியூ மெக்சிகோவின் மேல் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட சமரசத்தை நீதிமன்றம் 2024இல் நிராகரித்தது. ஆற்றுக்காக மாநிலங்கள் வழக்காடும் கதையை மாமனாருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முகாமிடுகிறவருக்கு இதனால் என்ன என்றால், கரை நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை என்பதுதான். கொலராடோவின் மலைகளில் உருகும் பனிதான் இந்த ஆற்றுக்கு முக்கிய வரத்து. பனி நன்றாகப் பெய்த ஆண்டுகளில் வசந்த காலத்தின் இறுதியில் நீர்மட்டம் ஏறும். பிறகு பாசனத்துக்குத் தண்ணீர் திறந்ததும் கோடை முழுவதும் இறங்கும். வறட்சி ஆண்டுகளில் திறப்பே ஜூன் வரை தள்ளிப்போவதுண்டு. இறங்கும் காலத்தில், காலையில் கால் நனைத்த இடம் சில நாள்களில் ஈரமணலாகவும், பிறகு வெடித்த சேற்றுப் பாளமாகவும் மாறிவிடுகிறது. போன ஆண்டு நண்பர் அனுப்பிய படத்தைப் பார்த்து அதே இடத்தைத் தேடிப் போகிறவர்கள், நீரிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் ஒரு மணல்மேட்டைத்தான் கண்டடைவார்கள். படகை இறக்கும் சாய்தளங்களும் அப்படித்தான். நீர் இறங்க இறங்க ஒவ்வொன்றாகப் பயன்படாமல் போகும். ஆகவே அன்றைய நீர்மட்டத்தையும், எந்தச் சாய்தளம் திறந்திருக்கிறது என்பதையும் கிளம்புவதற்கு முந்தைய நாள் பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கட்டணங்களும் முன்பதிவு விதிகளும் மாறிக்கொண்டிருப்பதால் அவற்றையும் அப்போதே உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

ஆல்புகர்க்கியிலிருந்து 25ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 150 மைல் போக வேண்டும். குளிர்காலமாக இருந்தால் வழியிலேயே போஸ்கே தெல் அப்பாச்சே பறவைகள் காப்பகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் கொக்குகளுக்காக அங்கே ஒரு மணி நேரம் நிற்பது வீணாகாது. பூங்காவுக்குச் சில மைல் முன்னால் இருக்கும் ஊரில் பெட்ரோல், பனிக்கட்டி, மளிகை எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டும்; உள்ளே கிடைப்பவை குறைவு, விலையும் கூடுதல்.

பருவத்தைப் பொறுத்தவரை என் தேர்வு அக்டோபர். பகலில் இதமான வெயில், இரவில் ஒரு போர்வைக்கான குளிர், நீரும் முழுவதுமாகச் சில்லிட்டிருக்காது. ஜூன், ஜூலையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டி 40ஐ நெருங்கும். நிழல் தர மரமே இல்லாத இடத்தில் அது வேறு விதமான சோதனை. மே இறுதியில் வரும் நினைவு நாள், ஜூலை 4 சுதந்திர நாள், செப்டம்பர் தொடக்கத்தில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் நாள் ஆகிய மூன்று நீண்ட வார இறுதிகளிலும் கரை ஒரு தேர்த்திருவிழாவாகிவிடும். வண்டியை நிறுத்த இடம் கிடைப்பதே அரிது, ஜெனரேட்டர்களின் ஓசையும் நள்ளிரவு வரை ஓயாது. அந்த நாள்களில் போகாமல் இருப்பதே மேல் என்பது என் தனிப்பட்ட கருத்து. குளிர்காலத்தில் கூட்டமே இருக்காது. ஆனால் ஏறத்தாழ 4,400 அடி உயரத்தில் இருக்கும் பாலைநிலம் என்பதால் இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும், பகலுக்கும் இரவுக்கும் 15 பாகை வரை வித்தியாசம் இருக்கும்.

மார்ச் முதல் மே வரையிலான மாதங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தில் பார்த்தால் நல்ல வானிலை. நேரில் போனால் காற்று. காலை பத்து மணி வரை நீர் அசையாமல் கிடக்கும். நண்பகலுக்கு மேல் மேற்கிலிருந்து எழும் காற்று மாலை வரைக்கும் விடாது. மணிக்கு 40 மைல் வேகத்தில் மணலை வாரி இறைக்கும் நாள்களும் உண்டு. அப்படியொரு பிற்பகலில், பக்கத்துக் குடும்பம் விரித்திருந்த நிழற்பந்தல், நான்கு கால்களிலும் தண்ணீர்க் கேன்களைக் கட்டியிருந்தும், கேன்களோடு சேர்ந்து எழும்பி எங்கள் வண்டியைத் தாண்டிப் போய் விழுந்தது. வானிலை முன்னறிவிப்பில் மழையை மட்டும் பார்க்கிற பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். காற்றின் வேகமும், இடையிடையே வீசும் வேகக் காற்றின் அளவும் என்ன என்று பார்க்க வேண்டும். காற்று எச்சரிக்கை விடப்பட்டிருந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

தங்கும் இடங்கள் இரண்டு வகைப்படும். மேட்டில், சிமென்ட் தளமும் கூரை போட்ட மேசையும், சில இடங்களில் மின் இணைப்பும் குழாய்த் தண்ணீரும் உள்ள இடங்கள் இருக்கின்றன. முன்பதிவு செய்துகொள்ளலாம், கழிப்பறையும் குளியலறையும் நடக்கும் தூரத்தில் இருக்கும். லயன்ஸ் பீச் போன்ற பகுதிகளில் வண்டியை மணலிலேயே ஓட்டிக்கொண்டு போய் நீரோரத்தில் தங்குவது இன்னொரு வகை. அங்கே எண் போட்ட இடமோ குழாயோ விளக்கோ கிடையாது. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் முதன்முறை போகிறவர்கள் மேட்டிலேயே தங்குவது நல்லது. வேண்டுமானால் பகலில் கீழே இறங்கிப் போய்வரலாம். நீரோரத்தில் தங்கும் சுகத்தை நான் மறுக்கவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து நான்கடி வைத்தால் நீர். கிழக்கே ஃப்ரா கிறிஸ்டோபல் மலைத்தொடர் அந்தி வெயிலில் செந்நிறமாகும் காட்சியை மறைப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சுகத்துக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மணல் இரண்டு விதமாக இருக்கிறது. நீருக்குச் சற்று மேலே, ஈரம் காய்ந்தும் காயாமலும் இறுகிக் கிடக்கும் மணல் வண்டியைத் தாங்கும். அதற்கும் மேலே காற்று சேர்த்து வைத்த பொடிமணல் தாங்காது. ஒருமுறை, இழுவண்டியோடு வந்த ஒரு கனத்த டிரக் அந்தப் பொடிமணலில் நின்றுவிட்டது. ஓட்டியவர் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த, பின்சக்கரங்கள் தமக்குத் தாமே குழி தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கின. அருகில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து, எஞ்சினை நிறுத்தச் சொன்னார். நான்கு டயர்களிலிருந்தும் ‘ஸ்ஸ்’ என்று காற்றை இறக்கி, அழுத்தமானியை வைத்து 18 பி.எஸ்.ஐ. வந்ததும் நிறுத்தினார். இழுவண்டியைக் கழற்றி, சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கைமண்வெட்டியால் சரிவாக வெட்டி, பழைய தரைவிரிப்புத் துண்டுகளைச் செருகினார். பிறகு மெதுவாக முதல் கியரில் எடுக்கச் சொன்னபோது வண்டி எந்த முரண்டும் பிடிக்காமல் ஏறி வந்தது. காற்று குறைந்த டயர் அகலமாகப் படிந்து எடையைப் பரப்பிவிடுகிறது, அவ்வளவுதான் சூத்திரம். அழுத்தமானி, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் காற்றடிக்கும் பம்பு, ஒரு மண்வெட்டி ஆகிய மூன்றும் எங்கள் வண்டியில் அன்று முதல் நிரந்தரமாகிவிட்டன. தார்ச்சாலைக்கு ஏறுவதற்கு முன் மறுபடியும் காற்றை நிரப்பிவிட வேண்டும். குறைந்த அழுத்தத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும். நீர் விளிம்புக்கு மிக அருகில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மேலே காய்ந்தது போலத் தெரியும் சேறு அடியில் களிபோல் இருக்கும்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் இந்த மணலில் நிற்பதில்லை. கையால் இழுத்தாலே வந்துவிடும், காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் கையாளும் முறை, பழைய அரிசிப் பைகளில் பாதிவரை மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மேலே மிதித்துவிடுவது. பையின் குறுக்காகக் கயிறு போக வேண்டும். இழுக்கிற திசையும் கூடாரத்தின் பக்கமாகச் சாய்வாக இருக்க வேண்டும். இதற்கு அரைமணி நேரம் பிடிக்கும், ஆனால் நள்ளிரவில் எழுந்து கயிறு பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வராது. வாயிலைக் கிழக்கே வைத்து, தாழ்ந்த முதுகுப்பக்கத்தை மேற்குக் காற்றுக்குக் காட்டுவது நலம். உயரமான குடும்பக் கூடாரங்களைவிடத் தாழ்ந்த சிறிய கூடாரங்கள் இரண்டே இங்கே நிலைக்கும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே பருவமழைக் காலம். பிற்பகலில் திடீரென இடியோடு கொட்டி அரைமணியில் ஓய்ந்துவிடும். ஏரியை நோக்கி இறங்கும் வறண்ட ஓடைகளின் படுகை சமதளமாகவும் காற்று மறைவாகவும் இருப்பதால், கூடாரம் போட அதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றும். அங்கே மட்டும் போடக் கூடாது. நம் தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும், மைல்கணக்கில் தள்ளிப் பெய்த மழை அந்த ஓடை வழியாகத்தான் சேறும் கல்லுமாக வந்து சேரும்.

குடிநீருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. சென்னை வெயிலில் வேர்த்து வழிவது கண்ணுக்குத் தெரியும். இந்த வறண்ட காற்றில் வேர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடுவதால், உடல் நீரை இழப்பதே தெரியாது. தலைவலி வந்த பிறகுதான் உறைக்கும். பிள்ளைகளுக்கு மணிக்கொரு முறை கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். மோரில் உப்பும் பெருங்காயமும் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சமையலில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகை சொச்சத்திலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும். சிறிய குக்கர் ஒன்று எரிவாயுவையும் பொறுமையையும் மிச்சப்படுத்தும். முதல் நாளுக்குப் புளியோதரையைக் கட்டிக்கொண்டு போய்விட்டு, மறுநாள் காலையில் காற்று எழும் முன்பே சமையலை முடித்துவிடுவது எங்கள் முறை. பிற்பகலில் அடுப்பைப் பற்றவைத்தால் சுடர் பக்கவாட்டில் ஓடும், சாம்பாரில் மணல் நறநறக்கும். வறட்சிக் காலங்களில் விறகு மூட்டுவதற்குத் தடை இருக்கும். நுழையும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாலைவனத்தில் நமக்குத் தெரிந்த முகங்கள் இரண்டு உண்டு. கரையெங்கும் புதராக மண்டிக் கிடக்கும் மெஸ்கீட், நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. காயைப் பார்த்ததும் மாமனார் சிரித்தேவிட்டார். இன்னொன்று சாட்சாத் நெருஞ்சியேதான். உள்ளூர்க்காரர்கள் ஆட்டுத்தலை என்று பெயர் வைத்திருக்கும் இந்த முள், காற்று நிரப்பிய மெத்தையையும் மிதிவண்டி டயரையும் ஒரே இரவில் சுருங்கவைத்துவிடும். கூடாரம் விரிக்கும் முன் தரையைத் துடைப்பத்தால் பெருக்கி, தடித்த தார்ப்பாய் ஒன்றை அடியில் விரிப்பது கட்டாயம். செருப்பில்லாமல் நடக்கலாகாது என்பதற்கு முள் ஒரு காரணம். தேளும் ராட்டில் பாம்பும் மற்ற காரணங்கள். பாம்பு பெரும்பாலும் வாலை உதறி எச்சரிக்கும், விலகிப் போனால் அதுவும் போய்விடும். தேளுக்குப் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒளி பட்டால் தேள் பச்சையாக ஒளிரும். அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் இரவு முழுவதும் தேள் வேட்டை ஆடக் கிளம்பிவிடுவார்கள் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

நீரில் இறங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிர்காப்பாளர்கள் கிடையாது. நீரடி சமதளம் அன்று. இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி ஆழத்தில் விழும். கயாக், துடுப்புப் பலகை ஆகியவற்றில் ஏறுவோர் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். கயாக் போகிறவர்கள் விடியற்காலையில் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தில்தான் நீர்க்கோழி போன்ற கழுத்து நீண்ட கிரீப் பறவைகள் இணையாக நீந்துவதையும் பார்க்க முடியும். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது, முன்பு மூழ்கிக் கிடந்த பாறைமுகடுகள் மேற்பரப்புக்கு ஓரடி கீழே ஒளிந்திருக்கும் என்பதால் விசைப்படகுகளை மெல்லத்தான் ஓட்ட வேண்டும். மீன்பிடிக்க 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரிமச் சீட்டு தேவை. படகை வெளியே எடுத்ததும் தண்ணீரை முழுக்க வடித்து, கழுவி, காயவைக்க வேண்டும். அயல் சிப்பி இனங்கள் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் படகோடு பரவிவிடும் என்ற அச்சம் இங்கே பெரிது.

நீர் இறங்கிய கரையில் நடக்கும்போது காலடியைப் பார்த்துக்கொண்டே நடங்கள். 2014இல், மணமகனுக்கு விருந்து வைக்க வந்திருந்த நண்பர் கூட்டம் ஒன்று, மணலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த எலும்பொன்றைக் கண்டது. தோண்டிப் பார்த்தபோது அது யானையின் தொல்லுறவான ஸ்டெகோமாஸ்டடானின் மண்டையோடு என்று தெரிந்தது. வயது ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகள். அதற்கும் முன்பே 1980களில் இந்த ஏரிப் பகுதியில் கிடைத்த தாடையெலும்பு உள்ளிட்ட மண்டையோட்டுப் பகுதிகளைக் கொண்டுதான், 2024இல் டைரனோசாரஸ் மெக்ரேயென்சிஸ் என்ற புதிய டைனோசர் இனத்தை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எதையேனும் கண்டால் கை வைக்காமல், படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு பூங்கா ஊழியர்களிடம் சொல்லிவிட வேண்டும். இது பொதுநிலம் என்பதால் எலும்புப் புதைபடிவங்களை எடுத்துச் செல்வது குற்றமாகும். ஆல்புகர்க்கி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இவற்றைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டு அழைத்துப் போனால், கரையில் அவர்கள் நடக்கும் நடையே வேறாக இருக்கும்.

திரும்பும் நாளில் மணல் ஒட்டிய உடம்போடு இரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டியதில்லை. பக்கத்து ஊருக்கு வெந்நீர் ஊற்றுகளால் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றே பெயர் இருந்தது. ட்ரூத் ஆர் கான்சிகுவென்சஸ் என்ற வானொலி நிகழ்ச்சியின் பெயரைச் சூட்டிக்கொள்ளும் ஊருக்கு வந்து நிகழ்ச்சி நடத்துவதாக அறிவிப்பு வந்தபோது, 1950இல் அதையே தன் பெயராக மாற்றிக்கொண்டது. ஊற்றுநீர் இன்னும் அதே ஊற்றுநீர்தான். நடு ஊரிலேயே சிறிய குளியல் இல்லங்கள் பல இருக்கின்றன; அரைமணி, ஒரு மணி என்று தொட்டியை வாடகைக்குத் தருகிறார்கள். தனித்தொட்டியும் உண்டு, ஆற்றைப் பார்த்தபடி உட்காரும் பொதுத்தொட்டியும் உண்டு. சூடு அதிகம் என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் சிறிது நேரத்தில் எழுந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஏரியிலிருந்து கிளம்புகிறவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் வருவார்கள் என்பதால், முந்தைய நாளே தொலைபேசியில் நேரம் குறித்துவைத்துவிடுவது நல்லது.